குத்தகை முன்பணம்: தோட்டத்தில் இறங்கும் நாளிலேயே காப்பாற்றிக் கொள்ளுங்கள்

சொந்த நிலம் போதாத சிறு விவசாயிகள் பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்துப் பயிர் செய்வது நம் மாநிலத்தில் எங்கும் உள்ள வழக்கம். நஞ்சையில் நெல்லாகக் குத்தகை அளப்பது ஒரு முறை. கிணறு, மோட்டார், தென்னை மரங்கள், சொட்டுநீர்க் குழாய் ஆகியவற்றோடு கூடிய தோட்டமானால் ஆண்டுக் குத்தகையைப் பணமாகக் கொடுப்பதோடு ஒரு தொகையை முன்பணமாகவும் கட்ட வேண்டியிருக்கிறது. இந்த முன்பணத்திற்கு வட்டி கிடையாது. குத்தகை முடிந்து தோட்டத்தை ஒப்படைக்கும்போது திரும்பி வர வேண்டிய பணம் அது. வீட்டு நகையை அடகு வைத்து இந்தத் தொகையைப் புரட்டுபவர்களே அதிகம். நகைக்கு வட்டி ஓடிக் கொண்டிருக்கும். முன்பணம் சும்மா கிடக்கும்.

விதை, உரம், பூச்சி மருந்து பற்றிக் கேட்க வரும் விவசாயிகள், பேச்சின் முடிவில் சற்றுத் தயங்கி, "முன்பணத்தில் பாதியைப் பிடித்துக் கொண்டார் ஐயா, என்ன செய்யலாம்?" என்று கேட்பது உண்டு. இது வக்கீல் பேச வேண்டிய விஷயம், வேளாண்மை படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று எண்ண வேண்டாம். பிடித்தம் செய்வதற்குச் சொல்லப்படும் காரணங்களைப் பாருங்கள். மோட்டார் எரிந்து விட்டது; தென்னை பட்டு விட்டது; மண் உப்பாகி விட்டது; குழாய் வீணாகி விட்டது. இவை எல்லாம் எண்ணக்கூடியவை, அளக்கக்கூடியவை. இறங்கும் நாளில் எண்ணாமலும் அளக்காமலும் விட்டு விட்டு, ஏறும் நாளில் வாதாடுவதால்தான் பணம் போகிறது.

ஒரு தோட்டத்தின் கணக்கு

பயிற்சிக்கு வந்த விவசாயி ஒருவர் சொன்ன கணக்கை, எண்களைச் சற்று எளிதாக்கி இங்கே தருகிறேன். 3 ஏக்கர் தோட்டம், 60 தென்னை, ஊடுபயிராகக் காய்கறி. 3 ஆண்டுக் குத்தகை. முன்பணம் ரூ.1,20,000. முடிவில் நிலக்காரர் கழித்த தொகை இது: மோட்டார் காயில் கட்டியதற்கு ரூ.14,000, சொட்டுநீர்க் குழாய்களைப் புதிதாக மாற்ற ரூ.30,000, பட்டுப்போன 6 தென்னைக்கு மரம் ஒன்றுக்கு ரூ.5,000 வீதம் ரூ.30,000; நிலத்தைக் கெடுத்ததற்கு ரூ.25,000. ஆக மொத்தம் ரூ.99,000. கையில் வர இருந்தது ரூ.21,000 மட்டுமே.

ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். எழுத்து எதுவும் இல்லை. ஆகவே, "ஆளுக்குப் பாதி" என்று தீர்த்தார்கள். ரூ.49,500 கழிந்தது, ரூ.70,500 கிடைத்தது. கேட்பதற்கு இது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பாதிக்குப் பாதி என்னும் தீர்ப்பில், அதிகமாகக் கேட்டவருக்கே எப்போதும் லாபம். நிலக்காரர் ரூ.50,000 மட்டும் கேட்டிருந்தால் ரூ.25,000 தான் கிடைத்திருக்கும்.

உண்மையில் எவ்வளவு கழிந்திருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு இரு முனையில் மோட்டாரை ஓட்டியதை அந்த விவசாயியே ஒப்புக் கொண்டார். அப்படி ஓட்டினால் சுருள் சூடேறி எரிவது இயல்பு. எனவே மோட்டார்ச் செலவு ரூ.14,000 அவரைச் சேர்ந்ததே. குழாய்கள் அவர் வரும்போதே 4 ஆண்டுகள் பழையவை. குழாயின் ஆயுள் 7 ஆண்டு என்று வைத்துக் கொண்டால், அவர் ஒப்படைத்த நாளில் அதற்கு மதிப்பே இல்லை. பழைய குழாய்க்குப் புதுக் குழாயின் விலையைக் கேட்பது முறையல்ல. காணாமற்போன வடிகட்டி மூடிக்கு ரூ.1,500 மட்டும் நியாயம். தென்னையில் இரண்டு, அவர் இறங்கும்போதே அடித்தண்டில் சாறு வடிந்து கொண்டிருந்தவை என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். ஒன்று இடி விழுந்து பட்டது. மீதி மூன்று சிவப்புக் கூன்வண்டினால் போனவை. காயை வெட்டி விற்றவர் மரத்தைக் கவனித்திருக்கவும் வேண்டும். ஆகவே அந்த மூன்றுக்கு ரூ.15,000 கொடுப்பது சரி. மண் கெட்டதற்கு எந்தச் சோதனை முடிவும் இல்லை. கூட்டினால் ரூ.30,500. அவருக்குத் திரும்ப வந்திருக்க வேண்டியது ரூ.89,500. எழுத்து இல்லாததால் இழந்தது ரூ.19,000.

எல்லாப் பிடித்தமும் அநியாயம் என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும். நம் கையால் கெட்டதற்கு நாம் கொடுக்கத்தான் வேண்டும். வயதினாலும் வெயிலினாலும் வானத்தினாலும் கெட்டதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கே கீழ்க்கண்ட வேலைகள்.

மோட்டாரும் கிணறும்

குத்தகை தொடங்கும் நாளில் நிலக்காரரையும் வைத்துக் கொண்டு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரவும். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரும் உடன் இருப்பது நல்லது. இரண்டு நோட்டுகளில் ஒரே மாதிரி எழுதி, இரண்டிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

மோட்டாரின் தகட்டில் உள்ள குதிரைத்திறன், வரிசை எண் ஆகியவற்றை எழுதிக் கொள்ளவும். தகடு தேய்ந்திருந்தால் அதையும் எழுதவும். வாங்கிய ஆண்டு, இதுவரை எத்தனை முறை காயில் கட்டப்பட்டது என்று நிலக்காரரிடமே கேட்டுக் குறிக்கவும். நீர்மூழ்கி மோட்டாராக இருந்தால் எத்தனை குழாய் இறக்கியிருக்கிறது என்பது அவருக்கோ, இறக்கிய ஆளுக்கோ தெரியும். மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் ஓட விட்டு, தண்ணீர் வரும் அளவைப் பார்க்க வேண்டும். அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. 200 லிட்டர் பீப்பாய் எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று கைப்பேசியில் நேரம் பார்த்தால் போதும். ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே வேலை செய்கிறதா, ஒரு முனை போனால் மோட்டாரை நிறுத்தும் தடுப்பு இருக்கிறதா என்றும் பார்க்கவும். இல்லையென்றால், இல்லை என்று எழுதவும். அந்தத் தடுப்பு இல்லாத மோட்டார் ஒரு முனை போய் எரிந்தால், முழுப் பழியையும் குத்தகைதாரர் மேல் போட முடியாது.

திறந்த கிணறானால், சுவரில் ஓர் இடத்தில் வண்ணம் தடவி அடையாளம் வைத்து, கல் கட்டிய கயிற்றை இறக்கி நீர்மட்டத்தை அளக்கவும். தேதியோடு எழுதுவது முக்கியம். தை மாதம் அளந்த மட்டத்தையும் சித்திரையில் அளந்த மட்டத்தையும் ஒப்பிட்டு, "நீ கிணற்றை வற்றடித்து விட்டாய்" என்று சொல்வது தவறு. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மட்டம் உயர்வதும் கோடையில் இறங்குவதும் இயற்கை. ஒரே மாதத்து அளவுகளைத்தான் ஒப்பிட வேண்டும். அப்போதும் அந்த ஆண்டு மழையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தென்னையை எண்ணும் முறை

மரத்தை வெறுமனே எண்ணுவது போதாது. சுண்ணாம்பாலோ வண்ணத்தாலோ ஒவ்வொரு மரத்திலும் எண் போட்டு, காய்க்கும் மரம், இளமரம், காய்ப்பு நின்ற மரம் என்று பிரித்து எழுதவும். பிறகு நோய் உள்ளவற்றைத் தனியே குறிக்கவும். அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்தால் அது தஞ்சாவூர் வாடல் என்று நாம் சொல்லும் அடித்தண்டழுகல் நோயாக இருக்கலாம். தண்டில் துளையும், அதிலிருந்து மென்று தள்ளிய நாரும் வெளிவந்தால் சிவப்புக் கூன்வண்டு. குருத்து விரிந்த பின் மட்டையில் விசிறி போல் வெட்டு தெரிந்தால் காண்டாமிருக வண்டு. பொள்ளாச்சி, தென்காசி, கன்னியாகுமரி போன்ற கேரளத்தை ஒட்டிய பகுதிகளில் ஓலைகள் விலா எலும்பு போல் உள்நோக்கி வளைந்து தொங்கும் வேர்வாடல் நோயையும் பார்க்க வேண்டும்.

இவற்றுள் அடித்தண்டழுகல் மெதுவாகக் கொல்லும் நோய். நோய் கண்ட மரம் ஓரிரு ஆண்டு பச்சையாகவே நிற்கும். நீங்கள் இறங்கும்போது தொற்றியிருந்த நோய், நீங்கள் ஏறும்போது மரத்தைச் சாய்க்கும். முதல் நாளில் எழுதி வைக்காவிட்டால் மரம் உங்கள் கணக்கில்தான் விழும்.

குத்தகைக் காலத்தில் மரம் நோயுற்றால் உடனே நிலக்காரருக்குச் சொல்ல வேண்டும். சொன்னதற்கு அடையாளமாகப் படத்தோடு கைப்பேசியில் செய்தி அனுப்புவது நலம். "மூன்று மாதத்துக்கு முன்பே சொன்னேன்" என்னும் வாய்ச்சொல்லை விட, தேதியோடு நிற்கும் செய்தி பெரிது. இடி விழுந்தாலும் புயலில் சாய்ந்தாலும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவித்து விடவும். பட்ட மரத்தை நிலக்காரர் சம்மதம் இல்லாமல் வெட்டி விற்று விடாதீர்கள். வெட்டிய மரத்துக்குச் சாட்சி இல்லை.

மண்ணும் தண்ணீரும்

"என் மண்ணைக் கெடுத்து விட்டான்" என்பது கேட்பதற்கு வலுவான குற்றச்சாட்டு. ஆனால் மண் பரிசோதனை இல்லாமல் அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. உரச் சிபாரிசுக்காக மட்டுமே மண் பரிசோதனை என்று நம் விவசாயிகள் நினைக்கிறார்கள். குத்தகைதாரருக்கு அது முன்பணத்துக்குக் காவலும் ஆகும்.

மண் எடுக்கும் முறை பெரும்பாலோர்க்குத் தெரிந்ததே என்றாலும், தகராறுக்குத் தாங்கும்படி எடுப்பதற்கு இன்னும் சற்றுக் கவனம் வேண்டும். அறுவடை முடிந்து, எரு இடுவதற்கு முன் எடுக்கவும். வரப்பு ஓரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல், நீர் தேங்கும் இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். ஆங்கில 'வி' எழுத்துப் போல் குழி வெட்டி, நெல், கடலை, கம்பு போன்ற பயிர்களுக்கு 15 செ.மீ. ஆழம் வரையிலும், கரும்பு, வாழை, பருத்தி, மரவள்ளி, காய்கறிக்கு 22 செ.மீ. வரையிலும் பக்கவாட்டில் சீவி எடுக்க வேண்டும். தென்னை போன்ற நீண்டகால மரங்களுக்கு 30, 60, 90 செ.மீ. என மூன்று ஆழங்களில் தனித்தனியாக எடுப்பது முறை. 10 முதல் 20 இடங்களில் எடுத்ததை ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பாகங்களை நீக்கி நீக்கி அரைக் கிலோவாகக் குறைக்கவும். குத்தகை நிலத்துக்காக எடுக்கும்போது ஒரு கிலோ வைத்துக் கொண்டு நிழலில் உலர்த்தி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி பரிசோதனை நிலையத்துக்கு. மறு பாதியைப் பையில் கட்டி, தேதி எழுதி, இருவரும் கையெழுத்திட்ட சீட்டை உள்ளே போட்டு வைக்கவும். முடிவில் சந்தேகம் வந்தால் அதையே மறுபடி சோதிக்கலாம்.

நிலக்காரரிடம் 2015-ல் தொடங்கிய திட்டத்தின்படி வழங்கப்பட்ட மண்வள அட்டை இருக்கக்கூடும். கேட்டு வாங்கிப் படம் எடுத்துக் கொள்ளவும். ஆனால் அது பழையதாக இருந்தால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பாசன நீரையும் சோதிப்பது அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓட விட்டு, அதே நீரில் கழுவிய புட்டியில் ஒரு லிட்டர் பிடித்து அனுப்பவும். நீரின் மின்கடத்தும் திறன் ஒரு மீட்டருக்கு 0.75 டெசிசீமன்சுக்கு மேல் போனால் உப்பு மிகுந்த நீர், 2.25-க்கு மேல் போனால் மிகக் கடுமையான உப்பு நீர். இப்படிப்பட்ட கிணற்று நீரை வடிகால் இல்லாத நிலத்தில் பாய்ச்சினால் எவர் பாய்ச்சினாலும் மண்ணில் உப்பு ஏறும். அது கிணற்றின் குணம், குத்தகைதாரரின் குற்றம் அல்ல. மண்ணைப் பொறுத்தமட்டில் இந்த அளவு 1-க்குக் கீழ் இருக்கும் வரை பயிருக்குத் தொல்லை இல்லை. கோடையில் உப்பு மேல்மண்ணுக்கு ஏறி வரும், மழையில் கீழே கரைந்து போகும். எனவே மண்ணையும் ஒரே பருவத்தில், ஒரே ஆழத்தில் எடுத்தே ஒப்பிட வேண்டும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு அள்ளிக் கொடுத்தவர், வரப்பை வெட்டி அண்டை நிலத்தில் நீரைத் திருப்பியவர், களர் நிலத்துக்கு ஜிப்சம் இடுவதாக ஒப்புக்கொண்டு இடாதவர் ஆகியோர் நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர்களே. அதேபோல் நீங்கள் ஏரி வண்டல், தொழு உரம், பசுந்தாள் உரம் இட்டு மண்ணை உயர்த்தியிருந்தால் வண்டிக் கணக்கையும் ரசீதையும் நோட்டில் ஏற்றி வாருங்கள். பிடித்தத்தைப் பேசும் நாளில் அதையும் எடுத்து வைக்கலாம்.

எழுதிக் கொள்ள வேண்டியவை

பத்திரம் எழுதலாம் என்றாலே சில நிலக்காரர்கள் பின்வாங்குகிறார்கள். 1955-ஆம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் 1969-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்கள் மனதில் இருக்கின்றன. உடலுழைப்போடு பயிர் செய்யும் குத்தகைதாரருக்குச் சட்டம் அளித்துள்ள உரிமையை விட்டுக் கொடுப்பதாக எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். ஆனால் பத்திரத்துக்கு அவர் இணங்காவிட்டாலும், பணம் பெற்ற ரசீதும், மேலே சொன்ன பொருள் பட்டியலும் கேட்டுப் பெற முடியும். கேட்கும் விதமும் உண்டு. "உங்க மேலே நம்பிக்கை இல்லாம கேக்கலைங்க அண்ணா. நாளைக்கு நாம ரெண்டு பேரும் இல்லேன்னாலும் நம்ம பிள்ளைங்க சண்டை போடாம இருக்கணும் இல்லைங்களா?" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. அதற்கும் மறுப்பவரிடம் பெரிய முன்பணம் கொடுக்கலாமா என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

ரசீதில் தொகை, தேதி, நிலத்தின் சர்வே எண், "குத்தகை முன்பணம், திருப்பித் தர வேண்டியது" என்னும் சொற்கள், எத்தனை நாளில் திருப்புவது என்பது ஆகியவை இருக்க வேண்டும். ரூ.5,000-க்கு மேற்பட்ட தொகைக்கு ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டி அதன்மேல் கையெழுத்து வாங்கவும். கூடியவரை வங்கி மூலம் கட்டவும். நிலக்காரரின் மகன் கணக்கில் போடச் சொன்னால், அவர் சொல்லித்தான் போட்டதாக ரசீதில் எழுத வேண்டும்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரமும், ஆண்டுக் குத்தகை குறிப்பிட்ட பத்திரமும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி பதிவு செய்யப்பட வேண்டியவை. பதிவு செய்யாத பத்திரத்தைக் குத்தகை உரிமைக்கு ஆதாரமாக நீதிமன்றம் ஏற்பதில்லை. முன்பண ரசீதைத் தனித் தாளில் வாங்கச் சொல்வது இதனால்தான்.

கையெழுத்திடுபவர்தான் நிலத்துக்கு உரியவரா என்று பட்டாவைப் பார்க்கவும். அண்ணன் தம்பி கூட்டுப் பட்டாவாக இருந்து ஒருவர் மட்டும் பணம் வாங்கினால், பின்னால் மற்றவர்கள், "எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். நிலத்தை இடையில் விற்றால் முன்பணத்தை யார் திருப்புவது என்பதையும் ஒரு வரி எழுதி வைப்பது நலம்.

பத்திரத்தில் இரண்டு வாசகங்களைக் கண்டால் நின்று யோசிக்கவும். "எல்லாப் பழுதும் குத்தகைதாரர் பொறுப்பு" என்பது ஒன்று. அதன் இடத்தில், "இயல்பான தேய்மானமும் இயற்கைச் சேதமும் நீங்கலாக" என்று சேர்க்கச் சொல்லுங்கள். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு கூறும் நியாயமும் இதுவே. அந்த அத்தியாயம் விவசாயக் குத்தகைக்கு நேராகப் பொருந்தாது என்பதால், நாமே எழுதிக் கொள்வது அவசியமாகிறது. "இடையில் விட்டால் முன்பணம் முழுவதும் பறிமுதல்" என்பது மற்றொன்று. இப்படி எழுதியிருந்தாலும், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி நியாயமான நஷ்டஈட்டுக்கு மேல் கேட்க இயலாது. எனினும், வழக்குக்குப் போய் இதை நிலைநாட்டுவதை விட, எழுதும்போதே நீக்குவது மலிவு.

முன்பணத்தைக் குறைப்பதே மேலான பாதுகாப்பு. கடைசி ஆண்டுக் குத்தகையை முன்பணத்தில் கழித்துக் கொள்வதாக முதலிலேயே எழுதிக் கொண்டால், முடிவில் நிலக்காரர் கையில் நிற்கும் தொகை சிறிதாகி விடும். எழுதாமல், கடைசி ஆண்டில் நாமாகக் குத்தகையை நிறுத்துவது கூடாது. அது குத்தகை பாக்கியாகி, நில உரிமைக்கே கேடாக முடியலாம்.

இங்கே நகரத்து வீட்டு வாடகை பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளின் படிப்புக்காகவோ கடை வைக்கவோ நகரத்தில் வாடகைக்குப் பிடிப்பவர்களுக்கு, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் துணை நிற்கிறது. வேறு விதமாக ஒப்புக் கொள்ளாத வரை 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும். அதன் அட்டவணையில் வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பில் வைக்கப்பட்டுள்ளது. ஆனால் விளைநிலக் குத்தகைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ஒப்படைக்கும் நாள்

குத்தகை முடிய ஒரு மாதம் இருக்கும்போதே நிலக்காரரை அழைத்து, பழைய நோட்டை வைத்துக் கொண்டு மறுபடி சுற்றி வாருங்கள். சிறு பழுதுகளை அந்த ஒரு மாதத்தில் நீங்களே சரி செய்து விடலாம். ரூ.600 செலவில் முடியும் வேலைக்குப் பிடித்தமாக ரூ.3,000 போவது இதனால் தவிரும். நீங்கள் சொந்தப் பணத்தில் போட்ட குழாய், மோட்டார் ஆகியவற்றின் பில் உங்கள் பெயரில் இருந்தால், அவற்றைக் கழற்றும் முன் காட்டி விட்டுக் கழற்றவும்.

கடைசி நாளில் மோட்டாரை ஓட்டிக் காட்டி, பீப்பாய் நிரம்பும் நேரத்தை மறுபடி குறித்து, மோட்டார் அறைச் சாவியைக் கொடுத்து, கொடுத்ததாக எழுதி வாங்கவும். முழுத் தோட்டத்தையும் கைப்பேசியில் நடந்தபடியே படம் பிடித்து அன்றே அவருக்கு அனுப்பி விடவும். அந்தப் படங்கள் உள்ள கைப்பேசியை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட உரிய சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மூலம் கையில் இருந்தால் அது எளிது.

பிடித்தம் செய்வதாகச் சொன்னால் சினம் கொள்ளாமல், எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரக் கேட்கவும். வாயால் மொத்தமாகச் சொல்லும் தொகை, தாளில் பிரித்து எழுதும்போது தானாகவே குறைவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். பழுது பார்த்த பில்லையும் கேட்கலாம். குறைத்துக் கொடுக்கும் பணத்தை வாங்கிக் கொள்ளலாம். ஆனால் "கணக்குத் தீர்ந்தது" என்று கையெழுத்திடாமல், "பகுதித் தொகை பெற்றேன், மீதி இவ்வளவு" என்று எழுதியே வாங்கவும். ஆத்திரத்தில் ஸ்டார்ட்டரைக் கழற்றி வருவது, குழாயை வெட்டுவது போன்றவற்றைச் செய்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் காவல் நிலையத்தில் நிற்க வேண்டி வரும்.

கொடுக்காவிட்டால்

முதலில் கடிதம் எழுதவும். நிலம், தொகை, ஒப்படைத்த தேதி, எந்தப் பிடித்தத்தை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை என்பதைச் சுருக்கமாக எழுதி, 15 நாள் தவணை கொடுத்து, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்பவும். பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டு விட்டது. கடித நகலையும் அனுப்பிய ரசீதையும் பத்திரப்படுத்தவும்.

பதில் இல்லையென்றால் நேரே வழக்குக்கு ஓட வேண்டியதில்லை. தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். வழக்குத் தொடுக்கும் முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசி மக்கள் நீதிமன்றத்தில் முடித்து வைப்பார்கள். அங்கே இருவரும் இசைந்து ஏற்பட்ட தீர்வு, நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இன்றியும், மற்றவர்களுக்கு வரம்புக்கு உட்பட்டும் இலவச வக்கீல் உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

காலக்கெடுவை மறக்க வேண்டாம். பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். "அடுத்த வெள்ளாமைக்குத் தருகிறேன்" என்று நிலக்காரர் சொல்லிச் சொல்லியே அந்த 3 ஆண்டும் ஓடி விடுகிறது. அப்படித் தவணை சொன்னால், கெடு முடியும் முன், "இவ்வளவு பாக்கி தர வேண்டியுள்ளது" என்று தேதியிட்டு அவர் கையெழுத்தில் ஒரு வரி வாங்கிக் கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு கணக்காகும்.